சந்தையில் வாங்கிய உரிமம்

துபிசா
9 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணன் செவேரோவுக்கு,

மினா எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலியைத் தவிர வீட்டில் எல்லாம் சௌகரியம். லா பாஸ் குளிரில் உன் மார்ச்சளி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். அந்த ஒரு கேள்விக்காவது நல்ல வார்த்தையில் பதில் எழுது.

தோன் இலாரியோனின் ஸ்டுடியோவிலிருந்து விலகிவிட்டேன். இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கையை ஊறவைத்து நான் கழுவிக் கொடுத்த படத்துக்கெல்லாம் கீழே அவர்தான் தன் பெயரை முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இந்த வருஷம் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளை எடுத்ததே நான்தான். அவர் அன்றைக்கு எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. ஓரத்தில் சின்னதாக என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டேன். "பொட்டைக்கோழி கூவி எங்கயாச்சும் பொழுது விடிஞ்சிருக்கா, மினா?" என்றார். என் மேலங்கியைக் கழற்றி அவர் காமிரா தலையில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். எல்லை தாண்டி வந்த பழைய காமிரா ஒன்றும், படத்தைப் பெரிதாக்கும் கருவியும் கைக்கு வந்துவிட்டன. 'எர்மினியா கசோன் புகைப்பட நிலையம்' என்று முழுப்பெயரையும் வைக்கப்போகிறேன்.

பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னாள்: "சட்டப்படி பதிஞ்ச கடையா இருந்து பில்லு குடுத்தேன்னா, அடுத்த வருஷ வகுப்பு ஒனக்குத்தான். ஈஸ்டருக்குள்ள காகிதத்தக் கொண்டா. பில் இல்லாத கடைக்குக் காசு குடுத்தா என் சம்பளத்துல புடிச்சுருவாங்க."

நீ இத்தனை வருஷமாக வரி அலுவலகத்தில் இருக்கிறாய். துபிசாவில் அம்மா இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. எங்கே தொடங்க வேண்டும், எந்தத் தாளை நிரப்ப வேண்டும் என்று எழுதேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
மினா


லா பாஸ்
24 நவம்பர் 1997

மினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மார்ச்சளி இருக்கிற இடத்தில் இருக்கிறது. அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சந்தைக்காரி விற்கும் பாம்புத் தைலம் வேண்டாம். நலம் விசாரித்தாயிற்று.

ஆக, நீ முதலாளி. தலை வெட்டும் தொழிலுக்கு நம் நாட்டில் ஆள் பஞ்சம் இருந்தது, தீர்த்துவைத்துவிட்டாய். அலுவலகத்துக்கு அலுவலகம் எதிரே ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, வருகிறவனைப் பிடித்து உட்காரவைத்து, எவனோ போட்டுக் கழற்றிய கோட்டை மாட்டிவிட்டு, கழுத்துக்கு மேலே நாலு துண்டு நறுக்கிக் கொடுக்கிறார்களே, அந்த வம்சம். அந்தப் படங்களில் எல்லா முகத்திலும் தூக்கு மேடைக்குப் போகிறவனின் களைதான் இருக்கும்.

பதிவு என்பது ஒரு தாள் என்று நினைத்தாயா? முதலில் பெயர். அந்தப் பெயரில் வேறு கடை இல்லையென்று வணிகப் பதிவகத்தில் சான்று வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் வரி எண் கேட்கலாம். வரி எண்ணுக்குக் கடையின் மின்கட்டண ரசீது வேண்டும். ரசீதில் வீட்டுக்காரன் பெயர் இருக்கும், அதனால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் வக்கீல் முத்திரை வேண்டும். வரி எண் வந்தபிறகு நகராட்சி உரிமம். இரண்டும் இருந்தால்தான் அனுமதி பெற்ற அச்சகத்தான் பில் புத்தகம் அடிப்பான். ஒன்றை முன்னே பின்னே செய்தாயானால் பிள்ளையைப் போல முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

அடுத்தது பிரிவு. சின்ன வியாபாரிகளுக்கு என்று எளிய பிரிவு ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகையைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். ஆனால் பில் கொடுக்க முடியாது. பில் கொடுக்க வேண்டுமென்றால் பொதுப் பிரிவு. மாதாமாதம் கணக்கு, ஒவ்வொரு விற்பனைக்கும் வரி, தேதி தவறினால் அபராதம், பில் கொடுக்காமல் பிடிபட்டால் கதவில் சீல். கூட்டலுக்கு இன்னும் விரலை மடக்குகிற உனக்கு அது எதற்கு? எளிய பிரிவில் சேர். பள்ளிக்கூடத்தை மறந்துவிடு. முதல் நற்கருணை வாங்கும் குழந்தைகளைப் படம் எடுத்துக்கொண்டு இரு.

இன்னொன்று. அலுவலகத்துக்கு எதிரே குடைக்குக் கீழே டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு எழுதுகிற கூட்டம் ஒன்று உண்டு. ஒருவேளை இங்கே வந்தால் அவர்களிடம் போகாதே. நடைபாதையின் அந்தப் பக்கம் பத்து மணி வரை வெயில் வராது; விரல் விறைத்து எழுத்தின்மேல் எழுத்து ஏறும். மழை பெய்தால் கார்பன் தாள் ஊறிப்போகும். ஜனங்கள் அவர்களை 'டாக்டர்' என்று வேறு கூப்பிடுகிறார்கள். கேட்கிற நமக்கு வெட்கமாக இருக்கிறது.

அலுவலகத் தாள்களை வெளியே அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. கேட்காதே.

அம்மாவுக்கு வணக்கம்.

செவேரோ


துபிசா
14 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்ன ஒத்தடம் அம்மாவுக்குக் கேட்கிறது. பாம்புத் தைலத்தையும் அவள் விடவில்லை.

நீ வரிசையாக எழுதியிருந்தும் முந்திரிக்கொட்டை மாதிரி நேராக நகராட்சிக்குப் போனேன். அங்கே உரிமப் பகுதியில் மேயரின் மச்சான் உட்கார்ந்திருக்கிறான். நாற்காலிக்குப் பாரமாக இருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கொடுத்ததாகத் தெரியவில்லை.

"என்ன விக்கிற?" என்றான்.

"படம் எடுக்கிறேன்."

"எடுக்கிறது கெடக்கட்டும். விக்கிறது என்ன?"

"படம்தான்."

"ஃபிரேம் போட்டா, போடாமலா?"

"போடாமத்தான்."

"அப்ப காகிதக் கடை. நோட்டு, பென்சில் பிரிவுல சேத்துர்றேன்."

"நோட்டு விக்கலைங்க. வர்றவங்க மூஞ்சிய அவங்களுக்கே விக்கிறேன்."

ரொம்ப நேரம் பெரிய புத்தகத்தைப் புரட்டினான். "மூஞ்சிக்கு இதுல பிரிவு இல்லையே. சலூன்ல சேக்கவா?" என்றான். அதற்குப் பிறகுதான் வரி எண் எங்கே என்று கேட்டுத் துரத்திவிட்டான். இப்படிப்பட்டவனெல்லாம் சம்பளம் வாங்குகிற நாட்டில் நான் கூட்டலுக்கு விரல் மடக்குவது ஒரு குறையா?

எளிய பிரிவில் சேர், பில்லை மறந்துவிடு என்கிறாய். அதற்கு நான் இலாரியோனிடமே இருந்திருக்கலாமே. பில்லில்தான் அண்ணா என் பெயர் இருக்கும். என் கையால் எடுத்த படம் என் பெயரில் வெளியே போக வேண்டும். அதற்காக மாதாமாதம் கணக்கு எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

பேருந்து ஓட்டுநரிடம் அம்மா உனக்குத் தமாலே கொடுத்தனுப்பியிருக்கிறாள், சோள மாவில் உப்புக்கண்டம் வைத்தது, சோள மடலில் சுற்றியது. அவளுக்கு ஓர் ஆசை: நீ அலுவலகத்தில் உன் மேசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். கழுத்தோடு வெட்டாமல் மேசையெல்லாம் தெரிகிறாற்போல. சந்தையில் காட்டத்தான், வேறெதற்கு?

மினா


லா பாஸ்
26 டிசம்பர் 1997

மினாவுக்கு,

பண்டிகை வாழ்த்து அம்மாவுக்கும் உனக்கும்.

தமாலே வந்தது. பாதி பேருந்து எஞ்சின் சூட்டில் வெந்திருந்தது. மிளகாய் அதிகம். எல்லாவற்றையும் நானே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

மேயரின் மச்சான் சொன்னது சரிதான், சலூனிலேயே சேர்ந்துவிடு. அவர்களும் தலையைத்தான் வெட்டுகிறார்கள்.

வேலை அதிகம்.

செவேரோ


துபிசா
11 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். அம்மா மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். படம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். நானும் தினமும் தபாலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொட்டோசிக்குப் போய் வந்தேன். போக ஒரு பகல், அந்த மண் சாலையில் இடுப்பு கழன்றுவிட்டது. வாடகை ஒப்பந்தம், வக்கீல் முத்திரை, மின் ரசீது எல்லாம் கையில் இருந்தது. ஜன்னலில் இருந்தவள் என் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பெயர்ச் சான்று லா பாஸ்லதாம்மா. அங்கயே வரி எண்ணையும் முடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு அப்பத்தைக் கடித்தாள்.

எல்லாத் தாளையும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ அங்கேயே இருக்கிறாய். ஒரு மாடி இறங்கி அந்த ஜன்னலில் நின்று கேட்டால் முடிந்தது. உன்னை அங்கே யாரும் வரிசையில் நிறுத்த மாட்டார்கள்தானே? நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஈஸ்டருக்குள் வேண்டும் அண்ணா.

மினா


லா பாஸ்
26 ஜனவரி 1998

மினாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மழை விடவில்லை.

உன் கோப்பு வந்தது. எனக்கு ஜன்னல் ஜன்னலாகப் போய் நிற்க நேரமில்லை. சொந்தக்காரர்களுக்கு வேலை பார்த்தால் பெயர் கெட்டுவிடும். அதற்குப் பதிலாக உனக்கு ஓர் உரிமமே அனுப்புகிறேன். உறையைக் குலுக்கிப் பார்.

இந்த ஊர் ஜனங்களின் மூளையைப் பற்றி உனக்குத் தெரியாது. ஜனவரி இருபத்துநாலு வந்துவிட்டால் அமைச்சரிலிருந்து மூட்டை தூக்குகிறவன் வரை அலசீத்தா சந்தைக்கு ஓட்டம்தான். இந்த வருஷம் எது வேண்டுமோ அதைத் தீப்பெட்டி அளவில் வாங்க வேண்டும்: வீடு, லாரி, பட்டச் சான்று, கட்டுக்கட்டாகக் குட்டி நோட்டு. தொந்தியும் மீசையுமாக வாயில் சிகரெட்டோடு நிற்கிற எக்கேக்கோ என்கிற செல்வச்சாமி பொம்மைக்கு முன்னால் நடுப்பகலில் வைத்துப் புகை காட்டிச் சாராயம் தெளித்தால், வருஷம் முடிவதற்குள் அது பெரிதாகி வீடு வந்து சேருமாம். போதாததற்குப் பக்கத்திலேயே பாதிரியாரும் நின்று புனித நீர் தெளிக்கிறார். படித்தவன் ஒருவன் இந்த ஊரில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் பார்.

அங்கே தொழில் உரிமமும் விற்கிறார்கள். சீட்டுக்கட்டு அட்டை அளவு. அசல் மாதிரியே கழுகு முத்திரை, கோடு, ஓரப் பூவேலை. மேலே மட்டும் 'செழிப்புக் குடியரசு' என்றும், கீழே 'செல்லுபடி: கடவுளுக்கு அலுக்கும் வரை' என்றும் இருக்கும். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. உன் முழுப்பெயரை டைப்ரைட்டரில் நானே அடித்தேன். அவ்வளவு சின்னக் கோட்டில் அடிக்க நாலு அட்டை பாழாயிற்று. கையெழுத்துக்கான இடத்தில் 'செவேரோ கசோன், இயக்குநர்' என்று போட்டேன். புகையும் காட்டியாயிற்று. பக்கத்தில் நின்ற கிழவி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள், தப்பிக்க முடியவில்லை.

உன் கடைக்கு இந்த அளவு உரிமம் தாராளம்.

செவேரோ


துபிசா
1 மார்ச் 1998

அன்புள்ள இயக்குநர் அவர்களுக்கு,

அம்மாவும் நானும் நலம். கார்னிவல் ஆடியதில் அம்மாவின் முட்டிவலி ஓடிவிட்டது; சாம்பல் புதன் காலையில் திரும்பி வந்துவிட்டது.

உரிமம் கிடைத்தது. கேலிக்கு அனுப்பினாய் என்று புரியாமலில்லை. ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. வருஷத்துக்குள் பெரிதாகும் என்று எழுதியிருந்தாயே, எக்கேக்கோவை எதற்குக் காக்கவைக்க வேண்டும்? படத்தைப் பெரிதாக்குவதுதானே என் பிழைப்பு. அட்டையைப் பலகையில் குத்தி, பக்கத்தில் விளக்கு வைத்து, ஒரு படம் எடுத்து, கருவியை உச்சி வரை ஏற்றி, அசல் உரிமத்தின் அளவுக்கே அடித்தேன். உன் கையெழுத்து உள்ளங்கை அகலம் இருக்கிறது. உன் கேலியும் ஊருக்கு நன்றாகத் தெரியட்டும்.

கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினேன். கார்னிவல் செவ்வாயன்று எல்லாக் கடையிலும் செய்கிற மாதிரி அம்மா வண்ணக் காகிதம் சுற்றி, நாலு மூலையிலும் சாராயம் தெளித்து, அந்தச் சட்டத்துக்கும் ஒரு குடுவை அளவு ஊற்றினாள். உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "எம்புள்ள இப்ப இயக்குநராயிட்டானா? ஒரு வார்த்த சொல்லலையே" என்று அழுதாள். விளையாட்டு என்று எவ்வளவு சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே சந்தைக்குத் தெரிந்துவிட்டது.

அசலுக்கு வழி சொல்லு. ஈஸ்டர் நெருங்குகிறது.

மினா


லா பாஸ்
9 மார்ச் 1998

மினா,

அதை உடனே கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே கழற்று.

உனக்குத் தலைக்குள் ஏதாவது இருக்கிறதா, இருட்டறையில் அதையும் கழுவிவிட்டாயா? சீட்டு அளவில் இருக்கும்வரை அது பொம்மை. அசல் அளவில் சுவரில் தொங்கினால் பொய்ப் பத்திரம். அதில் இருப்பது என் பெயர். எவனாவது இங்கே வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அம்மா சந்தையில் என்ன சொல்லிவைத்திருக்கிறாள்? யாரிடமெல்லாம்?

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள். கழற்றியதும் எழுது.

செ.


துபிசா
20 மார்ச் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்த முறை உண்மையிலேயே அந்தக் கவலையோடுதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தைக் கழற்ற நாற்காலிமேல் ஏறி நின்றேன். அப்போது வரி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஆட்சி மாறிய பிறகு வந்த புது ஆள். சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. வருகிற வழியில் தோன் இலாரியோனிடம் ஒரு படம் எடுத்துக்கொண்டு பில் கேட்டாராம். மனுஷன் பில்லுக்குப் பதிலாகக் குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். கதவில் சீல் வைத்துவிட்டு நேராக என்னிடம்.

நாற்காலியைவிட்டு நான் இறங்குவதற்குள் அவர் சுவரைப் பார்த்துவிட்டார். மேல்வரியைப் படிக்கவில்லை. 'செழிப்புக் குடியரசு' அவர் கண்ணில் படவே இல்லை. கீழே கையெழுத்துக்குத்தான் போனார். அந்த வகை ஆட்களுக்குப் பார்வை எப்போதும் அங்கேதான் போகும்.

"செவேரோ கசோன்... இயக்குநரா? லா பாஸ்ல?"

"எங்க அண்ணன் பேரு அது."

"கூடப் பொறந்த அண்ணனா?"

"ஆமா. ஆனா அந்தப் படம்..."

"மேடம், நீங்க எதுக்கு இறங்கி வந்தீங்க? ஏறியே நில்லுங்க, ஏறியே நில்லுங்க!" என்றார்.

தொப்பியைக் கழற்றிவிட்டார். "எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்று அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். விளையாட்டு என்று இரண்டு முறை சொன்னேன் அண்ணா. நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்து இன்னும் குனிந்தார். போகும்போது, "அடுத்த மாசம் லா பாஸ் போறேன். அய்யாவ நேர்ல பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு, என் இடமாற்றத்தப் பத்தியும் ஒரு வார்த்த..." என்றார்.

சட்டத்தைக் கழற்றிவிட்டேன். ஆனால் அவர் போகிறார். நீ இருக்கிற மாடியையும் அறையையும் எழுதினால், அவர் கிளம்புகிற அன்றைக்கே உன் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்து எச்சரித்துவிடுவேன். உன் வேலைக்கு என்னால் ஆபத்து வரக் கூடாது. ஒரு வரியாவது எழுது.

மினா


துபிசா
19 ஏப்ரல் 1998

அண்ணாவுக்கு,

நீ எழுதவில்லை. நீ நலம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்த்தேன்.

பதில் வராததால் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கும் ஒரு பொம்மையின் காகிதத்துக்குக் கீழே கடை நடத்தப் பிடிக்கவில்லை; அடுத்து வரும் இன்ஸ்பெக்டருக்கு மேல்வரி படிக்கத் தெரிந்திருக்கலாம். ஆகவே கோப்பையும் காமிராவையும் எடுத்துக்கொண்டு புனித வாரத்துக்கு முன்னால் லா பாஸுக்கு வந்தேன்.

அலுவலக வாசல் காவலாளியிடம், "செவேரோ கசோன் எந்த மாடி?" என்றேன். "செவேரோவா? மாடியெல்லாம் இல்லம்மா. அந்தா, எதுத்தாப்புல பச்சைக் குடை" என்றான். கூட நின்றவன் சிரித்தான். அவனை நான் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

நீ ஒரு பெண்ணுக்கு மனு அடித்துக்கொண்டிருந்தாய். விரல் நுனியில்லாத கம்பளிக் கையுறை. பத்து மணி ஆகவில்லை, உன் பக்கம் வெயில் வரவில்லை. அவளை நீ திட்டிக்கொண்டிருந்தது தெருவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது: "மின் ரசீது இல்லாம இங்க எதுக்கு வந்த? ஒனக்கெல்லாம் யாரு கடை வைக்கச் சொன்னது?" எனக்கு எழுதுகிற அதே பேச்சு. திட்டி முடித்துவிட்டு அவள் தாள்களை நீயே வரிசையாக அடுக்கி, ஊசி குத்தி, எந்த ஜன்னல் என்று கையைக் காட்டி அனுப்பினாய். எனக்கு வந்த கோபத்தில் தெருவைத் தாண்டி வந்து அந்தக் குடையைப் பிடுங்கி உன் தலையிலேயே போட்டிருப்பேன். ஒரு மாடி இறங்கு என்று நான் கெஞ்சியபோது என்ன நினைத்தாய்? இத்தனை வருஷமும் அம்மா சந்தையில் பேசியதையெல்லாம் கேட்டு நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோமே, அது உனக்கு விளையாட்டாக இருந்ததா?

கோபம் ஆறவில்லை. ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தது. நீ அவளுக்குக் கையைக் காட்டியபோதே படம் எடுத்திருந்தேன். பிறகு உள்ளே போய் வரிசையில் நின்றேன். நீ எழுதிய வரிசையில் ஒரு தாள்கூடத் தவறவில்லை. பொதுப் பிரிவிலேயே பதிந்தேன். ஜன்னலில் இருந்தவன், "சின்னக் கடைக்கு எளிய பிரிவு போதாதா?" என்றான். "என் அண்ணனும் அதத்தான் சொன்னான்" என்றேன்.

எல்லாம் வந்துவிட்டது. நகராட்சியில் மேயரின் மச்சான் என்னைக் கடைசியில் 'இதர' என்று எழுதிக்கொண்டான். தலைமையாசிரியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். அசல் உரிமம் சுவரில் இருக்கிறது. உன் சீட்டு அட்டையை அதன் மூலையில் செருகி வைத்திருக்கிறேன், புகை காட்டினதைத் தூக்கி எறிந்தால் ஆகாது.

அம்மா கேட்டாள்: "பாத்தியா?"

"பாத்தேன். வேலையா இருந்தான்."

"முன்னாடி ஆளுங்க நின்னாங்களா?"

"வரிசையே நின்னுச்சு."

இது பொய்யில்லை. அதனால் சொன்னேன். அதற்கு மேல் உனக்காக நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

என் பில் புத்தகத்தின் முதல் பில் இதோடு இருக்கிறது, உன் பெயரில். அச்சகத்தான் எல்லாக் கடைக்கும் அடிக்கிற அச்சிலேயே எனக்கும் அடித்துவிட்டான். பெயருக்குக் கீழே 'தொழில்' என்று ஒரு கோடு இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். படமும் இருக்கிறது. பின்பக்கம் என் முத்திரையைப் பார்.

எர்மினியா கசோன்


லா பாஸ்
17 மே 1998

மினாவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது?

படம் சுமார். குடை கோணலாக விழுந்திருக்கிறது. பக்கத்துக் குடைக்காரன் மூஞ்சியை எதற்குச் சேர்த்தாய், அவன் எழுதுகிற மனுவெல்லாம் திரும்பி வரும். அந்தப் பெண்ணுக்கு வரி எண் கிடைத்துவிட்டது; அவளை நீ நன்றாக எடுத்திருக்கிறாய்.

உன் இன்ஸ்பெக்டர் வந்தான். மேலே பார்க்க மனு வேண்டுமென்று காவலாளி சொல்லியிருப்பான் போல, தெருவைத் தாண்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "டாக்டர், இடமாற்றத்துக்கு ஒரு மனு. மதிப்பிற்குரிய இயக்குநர் செவேரோ கசோன் அவர்கள் சமூகத்துக்குன்னு ஆரம்பிங்க" என்றான். ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? தன் ஊர்ப் பெயரையே தப்பாகச் சொன்னான் அந்த முட்டாள், திருத்திக் கொடுத்தேன். மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது நான் இருக்கிற பக்கம் திரும்பாமல் போனான். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை. குடையை மடக்கிவிட்டேன்.

இப்போது புது உத்தரவு. நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களும் பதிய வேண்டுமாம். மின் ரசீது கேட்கிறார்கள். நடைபாதைக்கு மின் ரசீது எவன் கொடுப்பான் என்று அந்தக் கழுதைகளில் ஒன்றும் யோசிக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன். நாலு படமும் வேண்டும், சிவப்புத் துணி பின்னால். இந்த ஊரில் தலை வெட்டுகிறவன் ஒருவனையும் நம்ப முடியாது.

சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். கோட்டை நானே கொண்டுவருவேன், உன் கோட்டில் எத்தனை பேர் வியர்வையோ.

முதல் பில்லைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். அம்மாவை ஸ்டுடியோவுக்கு அழைத்து வா, வசதியான நாற்காலியாகப் போடு. படம் எடுத்து முடித்ததும் பில்லைக் கையில் எடுத்து, 'தொழில்' என்று இருக்கிற கோட்டைக் காட்டி, அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கேள்.

நான் சொல்கிறேன்.

செவேரோ